ஆரிகேஷனும் பின் வலது சக்கரமும்

எங்கள் குழுவின் வெள்ளைப் பலகையில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் யாராவது ஒருவர் அதிகம் புழங்காத ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதி, அதன் பொருளையும் அது வந்த வழியையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசும்போது நாங்கள் 'பேஸிக்கலி', 'ஆக்சுவலி' இரண்டையும் வைத்தே காலம் தள்ளுகிறோம் என்று மேலாளருக்கு ஒரு குறை. அதிலிருந்து வந்த ஏற்பாடு இது. நான் வேலை பார்ப்பது மறைமலை நகர் பக்கம், கார்களின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் மென்பொருளைச் சோதிக்கிற இடத்தில். என் முறை வந்த வாரம் நான் எழுதியது 'ஆரிகேஷன்'. தேர் ஓட்டுதல் என்று பொருள்.

அதை நான் அகராதியைப் புரட்டி எடுக்கவில்லை. அந்த நாட்களில் என் மனது முழுக்கத் தேர்தான். தாம்பரத்தில் ஏறிய ஆபீஸ் வேன் ஜி.எஸ்.டி. சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது தேர், சக்கரம், பிரேக், விபத்து என்று போனில் மாற்றி மாற்றித் தேடிக்கொண்டே போவேன். அப்படித் தேடியதில் ஒருநாள் பொத்தேரி சிக்னலில் இந்தச் சொல் எதிரே வந்து நின்றது.

காரணம், அப்பாவின் பாதங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பல வருடங்கள் ஆகின்றன. அதற்கு முந்தைய மாதம் சேலையூர்ப் பக்கம் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். அப்பாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்து உள்ளங்காலில் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டே வந்தார் டாக்டர். தொட்டது தெரிந்தால் 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும். பெருவிரல், சுண்டுவிரலின் அடி, நடுப்பாதம், குதிகால். இழை வளைகிற அளவுக்கு அழுத்துவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கண்ணை மூடியபடியே, "இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?" என்று கேட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தார்.

நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, திரும்ப வராது, இருக்கிற காலைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். சர்க்கரையைக் குறைக்க வேண்டும், தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், வீட்டுக்குள்ளும் செருப்பு போட வேண்டும், வெந்நீரில் கால் வைப்பதற்கு முன் வேறு யாராவது கை வைத்துப் பார்க்க வேண்டும். வழக்கம்போல எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். கருப்பு நிறத்தில் மெத்தென்று இருக்கும், சர்க்கரைக்காரர்களுக்கென்றே விற்கிற எம்.சி.ஆர். செருப்பு இரண்டு ஜோடி வாங்கினோம். வீட்டுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று. அப்பா சிமெண்ட்டும் கம்பியும் விற்கிறார். கிழக்குத் தாம்பரத்தைத் தாண்டி, வேளச்சேரி சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊரில், கோயிலுக்கு வடக்கே போகும் தெருவின் முனையில் கடை.

அந்தக் கோயிலுக்குப் பங்குனியில் தேர். தேரின் பின் வலது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவது எங்கள் வீட்டு உரிமை. போடுபவர் அப்பா.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் தேருக்கு ஸ்டியரிங் கிடையாது, பிரேக்கும் கிடையாது. முன்னால் வடம் பிடிப்பவர்கள் இழுப்பார்கள், அவ்வளவுதான். முட்டுக்கட்டை என்பது ஆப்பு மாதிரி செதுக்கிய கனமான மரத்துண்டு, நீளமான கைப்பிடி வைத்தது. உருண்டு வரும் சக்கரத்துக்கு முன்னால் அதைச் செருகினால் அந்தப் பக்கம் தயங்கும், தேர் அந்தப் பக்கமாகத் திரும்பும். இரண்டு பக்கமும் செருகினால் நிற்கும். வழுக்குகிற காரில் ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து வண்டியை நேராக்குவதற்கு எங்கள் ஆபீஸில் பக்கம் பக்கமாக மென்பொருள் எழுதுகிறார்கள். அதையேதான் அப்பா கட்டையை வைத்துச் செய்கிறார். ஒரே வித்தியாசம், காரில் சக்கரத்துக்குப் பக்கத்தில் யாருடைய காலும் இருக்காது.

கட்டை போடுபவரின் கால்விரல்களுக்கும் சக்கரத்தின் இரும்புப் பட்டைக்கும் இடையில் ஒரு சாண் இருந்தால் அதிகம். செருகிய உடனே காலை இழுத்துக்கொள்ள வேண்டும். எப்போது இழுப்பது என்று எப்படித் தெரியும் என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "கால்லதான் தெரியும் பாப்பா. அங்க வடத்தை இழுத்தாங்கன்னா முதல்ல தரை அதிரும். அப்புறம்தான் சக்கரம் அசையும்" என்றார். அந்த அதிர்வைத்தான் இப்போது அவரால் உணர முடியாது. அது அவருக்கும் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

திங்கட்கிழமை வந்தது. பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். எனக்கு அடுத்த மேஜைக்காரன், பொத்தேரியில் அறையெடுத்துத் தங்கியிருப்பவன், முதலில் கை தூக்கினான்.

"இதை கஸ்டமர் கால்ல எங்க சொருகுறது? 'சார், அவர் ஆரிகேஷன்ல இருக்கார், அப்புறம் கூப்பிடுவார்'னா?"

"குதிரை வேணும்டா. குதிரை பூட்டின தேர்."

"அப்ப ஓகே. எங்க பி.ஜி.லேருந்து ஸ்டேஷன் வரைக்கும் வர்ற ஷேர் ஆட்டோவைப் பாரு. முன்சீட்ல மட்டும் நாலு குதிரை."

சிரித்து முடித்ததும் நான் சொல்ல ஆரம்பித்தேன். முதல் பார்வையில் எனக்கு அது தங்கத்தோடு சேர்ந்த சொல்லாகத்தான் பட்டது. வேதியியலில் தங்கத்தின் குறியீடு ஏ, யூ. இந்தச் சொல்லும் அதே இரண்டு எழுத்தில்தான் தொடங்குகிறது. தங்கத் தேராக இருக்கும் என்று நினைத்தேன். தங்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லத்தீனில் தேரோட்டிக்கு ஆரிகா என்று பெயர். வானத்தில் அதே பெயரில் ஒரு நட்சத்திரக் கூட்டமும் இருக்கிறது. அந்தப் பெயரை இரண்டாகப் பிரிக்கிறார்கள். முன்பாதி கடிவாளம். அதுவும் வாய் என்ற சொல்லிலிருந்து கிளைத்தது, ஏனென்றால் கடிவாளம் குதிரையின் வாயில் கிடப்பது. பின்பாதி செலுத்துதல், நடத்திப் போதல். ஆங்கிலத்தில் ஏஜெண்ட் என்கிறோமே, அந்தச் சொல்லுக்கும் அதுதான் வேர். உறுதியாகத் தெரியாது, இப்படித்தான் வந்திருக்கும் என்று கருதுகிறார்கள். ஆக, தேரோட்டி என்பவன் கடிவாளத்தைப் பிடித்து நடத்துகிறவன். அவன் செய்கிற வேலை ஆரிகேஷன். எப்போதோ சில படித்தவர்கள் லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு இழுத்து வந்திருக்கிறார்கள். அது அங்கே வேர் பிடிக்கவில்லை. பெரிய அகராதிகளில் 'அரிது' என்ற குறிப்போடு உட்கார்ந்திருக்கிறது.

"தமிழ்ல சாரதி" என்றான் அவன்.

"பாகன், வலவன்னும் இருக்கு."

"உங்க ஊர்ல தேர் வருதுல்ல? அதை ஓட்டுறவர் யாரு?"

யார்? வடம் பிடிப்பவர்களுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. மேலே உட்கார்ந்திருக்கும் குருக்களுக்குக் கீழே நடப்பது தெரியாது. தேரின் முன்புறத்தில் மரக்குதிரைகள் பாய்கிற மாதிரி இருக்கின்றன, கையில் சவுக்கோடு மரத்தில் செய்த சாரதி ஒருவரும் இருக்கிறார். வருடா வருடம் அவருக்கு வர்ணம் பூசுகிறார்கள். தேர் ஓடுது என்கிறோம், இழுக்கிறோம் என்கிறோம், நிலைக்கு வந்துவிட்டது என்கிறோம். ஓட்டினோம் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவ்வளவு பெரிய வண்டி, பொறுப்பாக ஒருவர்கூட இல்லாமல் வீதியில் வருகிறது. வேலையில் இப்படி ஒரு வடிவமைப்பு என் மேஜைக்கு வந்திருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.

அந்தக் கேள்வியைத் தாண்டிப் போவதற்காக, படித்ததில் மீதியிருந்ததையும் சொன்னேன். ரோமாபுரியில் பந்தயத் தேர் ஓட்டியவர்கள் கடிவாள வார்களைக் கையில் மட்டும் பிடிக்கவில்லை. இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டார்கள். உடம்பைச் சாய்த்தால் குதிரைகள் திரும்பும். தேர் கவிழ்ந்தால் குதிரைகள் ஆளையும் சேர்த்து இழுத்துப் போகும். அதனால் இடுப்பிலேயே சின்ன வளைந்த கத்தி ஒன்றும் வைத்திருப்பார்கள், வாரை அறுத்துக்கொண்டு விடுபட.

"நேரத்துக்கு எடுக்க முடியுமா கத்தியை?" என்று கேட்டான் அடுத்த மேஜைக்காரன். இந்தத் தடவை விளையாட்டாகக் கேட்கவில்லை.

"தெரியலை" என்றேன். பலகையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அன்று மாலை கடைக்குப் போனேன். அப்பா கம்பி எடை போடும் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஆரிகேஷனைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த ஊருக்காரனுக்குக் கவலையே இல்லை. குதிரைக்குக் கண்ணு இருக்கு. நம்ம தேருக்கு?" என்றார்.

"அதான் நானும் சொல்றேன். இந்த வருஷம் நீ போகாதப்பா."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்கே தெரியும்."

கடையில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "கால்ல தெரியலைன்னா கண்ணுல பார்த்துப்பேன். கட்டையைப் போடுறது கைதானே?"

"நீதான் காலுன்னு சொல்லியிருக்க."

"எப்ப சொன்னேன்?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "கட்டையைக் கையை விட்டுக் கொடுத்தா பங்காளி வீட்டுக்குப் போயிடும் பாப்பா. திரும்ப வராது. வழக்கம் அப்படி. எனக்கப்புறம் எப்படியும் போகத்தான் போகுது. நான் இருக்கும்போதே எதுக்கு?"

எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. சக்கரத்துப் பக்கம் பெண்கள் போவதில்லை. அவர் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, கணக்கு வழக்கு மாதிரிதான் சொன்னார்.

அடுத்து அண்ணாவிடம் போனேன். அண்ணா என்பது பெரியப்பா மகன், அப்பா சொன்ன பங்காளி வீடு. மேடவாக்கம் பக்கம் தண்ணீர் லாரி ஓட்டுகிறார், சொந்தமாக இரண்டு லாரி. ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு பேர் உண்டு. ஒருவர் போட்ட கட்டையை எடுக்கும்போது மற்றவர் அடுத்ததைத் தயாராக வைத்திருப்பார். அப்பாவுக்கு இரண்டாவது ஆள் அண்ணாதான். காலில் உணர்ச்சி இல்லை என்பதை அவரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. சொல்லாமல் எப்படிக் கேட்பது?

"அண்ணா, அப்பாவுக்கு முன்ன மாதிரி வேகம் இல்லை. நீ கிட்டவே இருந்துக்கோ. கட்டையைப் போட்டதும் தோள்ல கை வெச்சுப் பின்னால இழுத்துடு."

"சித்தப்பாவை நான் இழுக்குறதா? அப்புறம் என்னைக் கட்டையால அடிப்பாரு." சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "இன்னாம்மா, பேயறைஞ்ச மாதிரி கீறே? நான் பார்த்துக்கிறேன் போ. நீதான் பிரேக் கம்பெனில வேலை செய்றியே, ஒண்ணைத் தூக்கினு வந்து மாட்டிடேன், எல்லாரும் நிம்மதியா இருக்கலாம்."

பழக்கதோஷத்தில் அந்த வாரம் ஓர் அட்டவணையும் போட்டேன். எங்கெங்கே தவறு நேரலாம், நேர்ந்தால் எவ்வளவு மோசம், தடுக்க என்ன வழி. வேலையில் இதைத்தான் தினமும் செய்கிறோம். வடம் திடீரென்று இழுக்கப்படுதல், கட்டை நழுவுதல், வடக்குத் தெருவின் இறக்கம், திருப்பத்தில் இருக்கும் சாக்கடை மூடி, தாழ்ந்து தொங்கும் கேபிள், கூட்டம் முதுகில் சாய்தல். ஒவ்வொன்றுக்கும் யாரையாவது பிடித்துப் பேசினேன். சாக்கடை மூடிக்கு இரும்புத் தகடு போட வைத்தேன். அம்மா, "நீ தேரைப் பார்க்கப் போறியா, தேருக்குப் பரீட்சை வைக்கப் போறியா?" என்றார். ஆனால் அம்மாவும் சரியாகச் சாப்பிடவில்லை.

தேரன்று காலையில் அப்பா குளித்து, வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பில் துண்டை இறுக்கிக்கொண்டு கிளம்பினார். நாங்கள் மூன்று பேரும் வாசலில் இறங்கிக் கோயிலுக்கு நடந்தோம். நான் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டு போனேன், நடுங்குகிறதா என்று. நடுங்கவில்லை.

வடம் பிடித்ததும் அவ்வளவு பேரின் சத்தமும் ஒரே சத்தமாக எழுந்தது. தேர் ஒரு முறை குலுங்கி நகர்ந்தது. நான் கூட்டத்தின் ஓரமாக, பின் வலது சக்கரத்துக்கு நேராக, அப்பாவின் பாதங்களைப் பார்த்தபடியே நடந்தேன். கட்டையைப் போடுவார், பாதம் பின்னால் வரும். போடுவார், வரும். ஒவ்வொரு முறையும் அது ஒரு நொடி தாமதமாக வருகிற மாதிரி எனக்குப் பட்டது. உண்மையிலேயே தாமதமா, என் பயம் அப்படிக் காட்டியதா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. மேலைத் திருப்பத்தில் அண்ணா ஒரு தடவை அப்பாவின் தோளைத் தொட்டார். அப்பா கையைத் தட்டிவிட்டார்.

"சித்தப்பா, முன்னால போவாத!"

"எனக்கே சொல்லித் தர்றியாடா? உன் கட்டையை ஒழுங்காப் பிடி!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் பாதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வடக்குத் தெருவுக்குள் நுழைந்து கொஞ்ச தூரத்தில் தேர் நின்றது. நான் பயந்த கேபிள்தான். யாரோ புதிதாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஆள் வந்து தூக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். இரண்டு பக்கமும் கட்டையை முட்டுக்கொடுத்தார்கள். நின்ற தேரை விட்டுக் கட்டைக்காரர் நகரக் கூடாது. சின்ன இறக்கம்தான், ஆனாலும் நகரக் கூடாது.

அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. நின்ற வண்டி பாதுகாப்பான வண்டி. எங்கள் வேலையின் முதல் விதி அது. மென்பொருளுக்கு எது புரியாவிட்டாலும், என்ன குழப்பம் வந்தாலும், வண்டியை நிறுத்திவிட்டால் போதும். ஒரு வீட்டு நிழலில் அம்மாவோடு நின்று மோர் வாங்கிக் குடித்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, மோரில் இஞ்சி அதிகம்.

வெயில் ஏறிவிட்டிருந்தது. வழக்கமாகத் தேருக்கு முன்னால் அண்ணாவின் லாரி ஒன்று தெருவில் தண்ணீர் அடித்துக்கொண்டே போகும். அன்று லாரி கேபிளுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. தேரைச் சுற்றித் தார்ச்சாலை காய்ந்து கிடந்தது. வடம் பிடித்தவர்கள் காலை மாற்றி மாற்றிக் குதித்தார்கள். சிலர் துண்டைக் கீழே போட்டு அதன்மேல் நின்றார்கள். மற்ற சக்கரங்களில் கட்டைக்காரர்கள் ஒரு காலின்மேல் மறுகாலை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணா, "யப்பா, தோசைக்கல்லு மாதிரி கீதே!" என்று கத்தினார்.

அப்பா மட்டும் அசையாமல் நின்றார். கட்டையின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, சக்கரத்தைப் பார்த்தபடி.

பக்கத்தில் நின்ற ஒருவர் தன் மகனிடம், "பாருடா, எப்படி நிக்கிறாரு பாரு. அசையுறாரா?" என்றார். அம்மாவின் முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது. அதுதான் உண்மை.

கேபிளைத் தூக்கினார்கள், தேர் நகர்ந்தது, இறக்கத்தையும் கீழைத் திருப்பத்தையும் தாண்டி நிலைக்கு வந்தது. அப்பாவின் பாதம் சக்கரத்தில் மாட்டவில்லை. வேண்டுதல் எதுவும் இல்லாமலே நான் கோயில் வாசலில் விழுந்து கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பா வாசல் குழாயில் கால் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, கூடத்தைக் கடந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மாவிடம் காப்பி கேட்டார். பிறகு தரையைப் பார்த்துவிட்டு, "யாரு இங்கெல்லாம் தண்ணி சிந்தினது?" என்றார்.

வாசற்படியிலிருந்து நாற்காலி வரை ஈரமான காலடிகள். துடைத்த காலில் ஏது அவ்வளவு ஈரம் என்று எனக்குத் தோன்றுவதற்குள் அம்மா தரையில் உட்கார்ந்து அவருடைய பாதத்தைத் தூக்கித் திருப்பிவிட்டார்.

அந்தப் பாதத்தை விவரிக்க நான் விரும்பவில்லை. கொப்புளங்கள் முழுப் பாதத்துக்கும் எழுந்து, நடந்த நடையிலேயே உடைந்திருந்தன. இரண்டு காலிலும். அப்பா எங்கள் முகங்களைப் பார்த்து, "என்ன? என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவரால் குனிந்து பார்க்க முடியவில்லை.

அதே டாக்டர்தான். ஆட்டோவிலிருந்து சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். கட்டுப் போட்டுக்கொண்டே, "செருப்பு என்ன ஆச்சு?" என்றார்.

அம்மா, "தேராச்சே டாக்டர்" என்றார்.

அந்தப் பதிலில் எங்கள் மூவருக்குமே எந்தக் குழப்பமும் இல்லை என்பதை அங்கேதான் கவனித்தேன். அன்று காலையில் இரண்டு ஜோடிச் செருப்புகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. யாரும் மறந்து விட்டுவிட்டுப் போகவில்லை. வேண்டாம் என்று முடிவு செய்தும் போகவில்லை. தேருக்கு வெறுங்காலோடு போவது எங்களுக்கு ஒரு செயலாகவே தெரியவில்லை, மூச்சு விடுகிற மாதிரி. அட்டவணையில் வடமும் கேபிளும் சாக்கடை மூடியும் வந்தன. தரை வரவில்லை. காலில் உணர்ச்சி இல்லாத மனிதருக்காகப் போட்ட அட்டவணை அது.

டாக்டர் திட்டவில்லை. இடது பெருவிரலைக் காட்டி, "இதுதான் எனக்குக் கவலை" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் அந்தப் பெருவிரலின் வாரங்கள். கட்டுப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் நான்தான் போனில் படம் எடுப்பேன். முந்தைய படத்தோடு வைத்துப் பார்ப்பேன். நுனியில் இருந்த கருப்பு பெரிதாகிறதா, அப்படியே இருக்கிறதா? ஒருநாள் பெரிதானது மாதிரி இருக்கும், வெளிச்சம் மாறியதால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஆபீஸில் சோதனை ஓடும்போது அலுவலகத் திரைக்குப் பக்கத்தில் அந்தப் படங்களைத் திறந்து வைத்திருப்பேன். விரலை எடுக்க வேண்டியிருக்கலாம் என்று டாக்டர் ஒரு தடவை சொன்னார், அடுத்த தடவை பார்க்கலாம் என்றார். கடைசியில் விரல் பிழைத்தது. தோல் மட்டும் காகிதம் மாதிரி ஆகிவிட்டது.

இத்தனைக்கும் அப்பாவுக்கு ஒருநாள்கூட வலிக்கவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது என்று நினைக்கிறேன். பிரித்த கட்டுத்துணியைப் பார்த்துவிட்டு ஒருநாள், "இவ்வளவுக்கும் ஒண்ணுமே தெரியலையே பாப்பா" என்றார். முதன்முதலாக, நான் சொல்லாமல், அவராகவே.

அடுத்த பங்குனிக்கு முன்னால் கோயிலில் கூட்டம் போட்டார்கள். எந்தச் சக்கரத்துக்கு யார் என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் எழுந்து சொல்வது முறை. அப்பா கருப்புச் செருப்போடு போய், வாசலில் கழற்றாமல் பின்வரிசையில் உட்கார்ந்தாராம். அண்ணா வந்து சொன்னதுதான் இது. ஒருவர், "இன்னாபா, செருப்போட?" என்று கேட்டிருக்கிறார். அப்பா எழுந்து, முன்னால் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் காலைத் தூக்கி வைத்து, செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டினாராம்.

"பெரியவங்க முன்னால சித்தப்பா காலைத் தூக்கிக் காட்டுறாரு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. 'இந்தக் காலுக்குத் தரை தெரியாது. இதை வெச்சுக்கினு சக்கரத்துக்கிட்ட நிக்கக் கூடாது. கட்டையை அண்ணன் மகன் போடுவான்'னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நான் இன்னா சொல்றது? அழுதுட்டேன். அசிங்கமாப் போச்சு."

அப்பா அதைப் பற்றி வீட்டில் எதுவும் சொல்லவில்லை. கட்டையை மட்டும் ஒரு காலையில் அண்ணாவின் லாரியில் ஏற்றி அனுப்பினார். ஏற்றும்போது கைப்பிடியைத் துணியால் துடைத்தார்.

தேரன்று கடையைப் பாதி மூடி வைத்துவிட்டு, நிழலில் சிமெண்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டோம். காலில் செருப்பு. நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு அந்த வருடம் பயப்பட எதுவும் இல்லை, ஆனாலும் கண் பின் சக்கரத்தையே தேடியது. லாரி தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. தெரு கருகருவென்று மின்னியது. பிறகு தேர் எங்கள் முனைக்கு வந்து திரும்பத் தொடங்கியது.

"அவசரப்படுறான்" என்றார் அப்பா.

"சரியாத்தான்பா போடுறாரு."

"உனக்கென்ன தெரியும்? கொஞ்சம் விடணும். இன்னும் கொஞ்சம். டேய், இப்ப இல்லைடா!" அண்ணாவுக்குக் கேட்கிற தூரம் இல்லை. அப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "இப்ப… இப்ப… போடு!"

அண்ணா போட்டார். சக்கரம் கட்டையின்மேல் ஏறித் தயங்கியது. தேர் முனகிக்கொண்டு முகத்தைத் திருப்பியது.

நான் குனிந்து பார்த்தேன். அப்பாவின் இடது பாதம் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, செருப்பு நசுங்குகிற அளவுக்கு. அவருக்கு அது தெரிந்திருக்காது. தேர் திரும்பி நேராகும்வரை அழுத்திக்கொண்டே இருந்தது.